ஆசை வேறு! இன்பம் வேறு!

உலகத்தில் எந்த மனிதனை நிறுத்தி, "நீ எதற்காக இவ்வளவு பாடுபடுகின்றாய்?" என்று கேட்டாலும், சுற்றி வளைத்தாவது அவன் கடைசியில் வந்து சேருகின்ற பதில் இன்பம் என்பதுதான். கூலிக்காரன் கள்ளைத் தேடுவதும், வியாபாரி லாபத்தைத் தேடுவதும், பக்தன் கோவிலைத் தேடுவதும், படிப்பாளி புத்தகத்தைத் தேடுவதும் எல்லாம் இந்த ஒன்றுக்காகவே ஆகும். ஆனால் இப்படி எல்லோரும் தேடுகின்ற அந்த இன்பம் என்பது என்ன, அது எங்கே உண்டாகின்றது, எல்லா இன்பமும் ஒரே சரக்குதானா அல்லது வெவ்வேறு சரக்கா என்று கேட்டால் மாத்திரம், பதில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. தேடுகிறவன் தான் தேடும் பொருள் இன்னதென்று தெரியாமல் தேடினால், வழியில் நிற்கின்ற எவனும் எதையும் அவன் தலையில் கட்டிவிடலாம் அல்லவா? நம் மக்கள் விஷயத்தில் வெகு காலமாக நடந்து வருவது இதுவேயாகும்.

இக்கேள்விக்கு நம் நாட்டில் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வரும் பதில் ஒன்று உண்டு. இன்பம் இரண்டு வகை. ஒன்று சிற்றின்பம், மற்றொன்று பேரின்பம் என்பார்கள். உண்பதும், உடுப்பதும், ஆணும் பெண்ணும் கூடி வாழ்வதும் சிற்றின்பமாம், அது உடலைச் சேர்ந்ததாம், ஆகவே இழிவானதாம். பேரின்பமோ ஆத்மாவைச் சேர்ந்ததாம். உடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். அதை அடைய வழிகாட்ட ஒரு ஆள் வேண்டுமாம். அந்த ஆளுக்குத் தட்சணையும் வேண்டுமாம். இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் எதைக் கொண்டு அளந்து செய்தார்கள் என்று கேட்டால், "நம்பு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

ஆனால் அளந்து பார்த்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அவர்களும் இன்பத்தை இரண்டாகத்தான் பிரித்திருக்கின்றார்கள். பிரித்த இடம்தான் வேறு. சிறியது, பெரியது என்று அவர்கள் பிரிக்கவில்லை. ஆசைப்படுவது வேறு, அனுபவிப்பது வேறு; இரண்டும் மூளைக்குள் நடக்கும் தனித்தனி வேலைகள் என்று கண்டிருக்கின்றார்கள். இந்தச் சங்கதி நம் மக்களுக்கு நன்றாய் விளங்கினால் அவர்களுடைய காசும், காலமும், மானமும் எவ்வளவோ மிச்சப்படும் என்று கருதியே இதை இங்கு எழுதுகின்றோம்.

இன்பம் மூளையில் உண்டாவது என்பதே புதிய சங்கதி அல்ல. சுமார் 2,400 வருஷங்களுக்கு முன் கிரேக்க தேசத்தில் இருந்த ஹிப்பாக்ரட்டீஸ் என்ற வைத்தியர் பேரால் வழங்கும் நூல்களில், காக்காய் வலிப்பைப் பற்றிய நூல் ஒன்று இருக்கின்றது. அக்காலத்து ஜனங்கள் அவ்வியாதியைத் தெய்வம் கொடுத்தது என்று நம்பி மந்திரக்காரர்களிடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்நூலோ, இதுவும் மற்ற வியாதிகளைப்போல் ஒரு வியாதியே, இதற்குக் காரணம் மூளையில் இருக்கின்றது என்று சொன்னதோடு, மனிதனுடைய சிரிப்பு, சந்தோஷம், துக்கம், அழுகை எல்லாம் மூளையிலிருந்தே வருகின்றன என்றும் சொல்லிவிட்டது. சொன்னது சரி, ஆனால் காட்டுவதற்குக் கருவி இல்லை. அக்கருவி சென்ற நூற்றாண்டில்தான் வந்தது.

எலி சொன்ன சாட்சி

1954-ல் கானடா தேசத்து மாண்ட்ரீல் நகரில், மக்கில் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் வழியாக மிகச் சொற்ப மின்சாரத்தைப் பாயவிட்டார்கள். முதல் எலியில் கம்பி அவர்கள் நினைத்த இடத்துக்குப் போகாமல் குறி தவறி வேறு இடத்தில் போய் நின்றது. அந்தத் தவறே ஒரு பெரிய உண்மையைக் காட்டிக் கொடுத்தது. எந்த மூலையில் நின்றபோது மின்சாரம் கிடைத்ததோ அந்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. பிறகு, அமுக்கினால் மின்சாரம் பாயும்படியான ஒரு சிறு கட்டையைக் கூண்டில் வைத்தார்கள். எலிகள் அதை அமுக்கத் தொடங்கின, விடவில்லை. சில எலிகள் மணிக்கு 2,000 தடவைகூட அமுக்கின. காலைச் சுடுகின்ற மின்சாரக் கம்பித் தளத்தைத் தாண்டிக்கொண்டுகூட அந்தக் கட்டையிடம் போயின.

உடனே, மூளையில் இன்பம் குடியிருக்கும் இடம் அகப்பட்டுவிட்டது என்று எங்கும் பேசப்பட்டது. 1957-ல் ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்சன் என்பவர், டோப்பமைன் என்ற ரசாயனம் மூளையில் தனி வேலை செய்கின்றது என்று காட்டினார். அதற்காக 2000-ல் நோபல் பரிசும் பெற்றார். மேற்சொன்ன எலியின் ஆட்டத்தில் இந்த டோப்பமைனுக்கு முக்கிய பங்கு உண்டு என்று தெரியவந்ததும், அதற்கு "இன்ப ரசாயனம்" என்று பெயரிட்டார்கள். பத்திரிகைகளில் இன்றும் அப்படியே எழுதுகின்றார்கள்.

நிற்க, நாம் ஒன்று கேட்கின்றோம். அந்த எலி இன்பத்தை அனுபவித்ததா, அல்லது இதோ வரப்போகின்றது, இதோ வரப்போகின்றது என்று ஏங்கியதா? வயிறு நிறைந்தவன் இலையை விட்டு எழுந்துவிடுகின்றான். திருப்தி கண்டவன் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட மாட்டானா?

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் கிடைப்பதற்கு மேலும் 35 வருஷங்கள் ஆயின. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் என்பவரும் அவரது தோழர்களும் 1989-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் அது உதட்டைச் சப்புக் கொட்டும். கசப்பை விட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். பிறந்த குழந்தையின் முகத்திலும் ஏறக்குறைய இதே அடையாளங்களைப் பார்க்கலாம். இவர்கள் சில எலிகளின் மூளையில் டோப்பமைனை அநேகமாக முழுவதும் ஒழித்துவிட்டார்கள். அந்த எலிகள் பக்கத்திலேயே தீனி கிடந்தும் எடுத்துத் தின்னவில்லை. குழாய் மூலம் ஊட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆனால் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் விட்டபோதோ, பழையபடியே சப்புக் கொட்டின! அதாவது ருசி போகவில்லை, ஆசைதான் போயிற்று.

2003-ல் இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள். பிறவியிலேயே டோப்பமைன் அதிகமாக வேலை செய்யும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகள், இனிப்புக்காக மற்ற எலிகளைவிட வேகமாக ஓடின, அதிகமாகத் தின்றன. ஆனால் இனிப்பு நாக்கில் பட்டபோது மற்ற எலிகளைவிட அதிகமாகச் சப்புக் கொட்டவில்லை. ஆசை ஏறிற்று, இன்பம் ஏறவில்லை.

அப்படியானால் ருசித்து அனுபவிக்கும் இன்பத்துக்கு வேறு என்ன காரணம்? மூளை தானே தயார் செய்துகொள்ளும் அபின் போன்ற சில ரசாயனங்களுக்கு அதில் பெரும் பங்கு இருக்கின்றது. 1975-ல் ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரில் ஜான் ஹ்யூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் என்பவர்கள் பன்றியின் மூளையிலிருந்து இத்தகைய சரக்கைப் பிரித்தெடுத்து, அதற்கு என்கெஃபாலின் என்று பெயரிட்டார்கள். எலியின் மூளையில் இச்சரக்கு ருசியின் இன்பத்தைக் கூட்டுகின்ற ஓர் இடத்தை அளந்தபோது, அது சுமார் ஒரு கன மில்லிமீட்டர் அளவே இருந்தது. ஆசைக்கோ அதைவிட எவ்வளவோ விஸ்தாரமான பாகங்கள் வேலை செய்கின்றன. ஆசைக்குப் பெரிய ரஸ்தா. இன்பத்துக்கு ஒற்றையடிப் பாதை என்று சொல்லலாம்.

இதில் கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. டோப்பமைன்தான் இன்பம் என்று சொன்னவர்களும் ஆராய்ச்சிக்காரர்களே. அது சரியல்ல என்று காட்டியவர்களும் ஆராய்ச்சிக்காரர்களே. எலி காட்டியது தங்கள் எண்ணத்துக்கு விரோதமாயிருந்தபோது, எண்ணத்தை மாற்றிக்கொண்டார்களே தவிர எலியை நாஸ்திகன் என்று சொல்லவில்லை.

ஆசை வியாபாரம்

எலிக்கு இது சரி, மனிதனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். பார்க்கின்சன் என்னும் நடுக்கு வியாதியில் மூளையின் டோப்பமைன் குறைந்துபோகின்றது. அதற்குப் பதிலாக வேலை செய்யும் சில மருந்துகளைக் கொடுக்கும்போது நோயாளிகளில் சிலர், அதுவரை சீட்டைத் தொட்டறியாதவர்கள்கூட, திடீரென்று சூதாட ஆரம்பித்து விடுகின்றார்கள். கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கின்றார்கள். மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலோருக்கு அந்த வெறி தணிந்துவிடுகின்றது. இவர்களைப் பிடித்த சனி ஆகாயத்தில் இல்லை, மாத்திரையில் இருந்தது.

ஸ்விட்சர்லாந்து தேசத்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் குரங்குகளின் மூளையிலுள்ள டோப்பமைன் நரம்பணுக்களைக் கவனித்து வந்தார். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தபோது அவை துடித்தன. பழரசத்துக்கு முன் ஒரு விளக்கை ஏற்றிப் பழக்கியபின், விளக்கு எரியும்போதே துடித்தன. பழரசம் வந்தபோது துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் பழரசம் வராவிட்டால், அது வரவேண்டிய நேரத்தில் வழக்கமான துடிப்பும் அடங்கிவிட்டது. ஏமாற்றம் என்பது இதுதான். 2003-ல் இவரும் இவரது தோழர்களும் வேறொன்றும் கண்டார்கள். பழரசம் கிடைப்பது நிச்சயமானாலும், கிடைக்காதது நிச்சயமானாலும், இடைப்பட்ட நேரத்தில் அந்த அணுக்கள் சும்மா இருந்தன. கிடைக்குமோ கிடைக்காதோ என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் அவை நேரம் செல்லச் செல்ல அதிகமாய்த் துடித்தன.

சூதாட்டக்காரன் வியாபாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது. அவன் விற்பது பழரசம் அல்ல, விளக்கு. லாட்டரிச் சீட்டு வாங்கினவனுக்கு சீட்டைப் பையில் வைத்த அன்று இரவு வரையில் இருந்த குதூகலம், மறுநாள் பத்திரிகையைப் பார்த்தவுடன் போய்விடும். உடனே இன்னொரு சீட்டு வாங்கினான். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. கடை மூடியது, ஆனால் சூது செல்போனுக்குள் புகுந்துகொண்டது. 2022-ல் அதைத் தடுக்கச் சட்டசபை வேறொரு சட்டம் செய்யவேண்டி வந்தது. சட்டம் அவசியந்தான். ஆனால் தன் மூளைக்குள் விளக்கு ஏற்றி விளையாடுகிறான் ஒருவன் என்பது ஆட்டக்காரனுக்கே தெரியாதவரை, அந்தச் சூது மூன்றாவது வேஷத்தில் வராது என்று யார் சொல்ல முடியும்?

மோட்ச வியாபாரமும் இதே மாதிரியானதுதான். சூதாட்டக்காரனாவது மறுநாள் பத்திரிகையில் நம்பரைப் போட்டாக வேண்டும். மோட்சம் விற்கிறவனுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. செத்தபிறகு கிடைக்கும் என்று சொல்லிவிட்டதால், பழரசம் வரவில்லை என்று திரும்பி வந்து கேட்பவன் ஒருவனும் இல்லை.

பேரின்பமும் மூளையே

"அப்படியானால் கோவிலில் எங்களுக்கு உண்டாகும் ஆனந்தம் பொய்யா? திருநீறு பூசியதும் வலி நின்றதே, அது பொய்யா?" என்று சிலர் கேட்பார்கள். பொய் என்று நாம் சொல்லவில்லை. வலி நின்றது மெய்யாகவே இருக்கலாம். நிறுத்தியது யார் என்பதுதான் கேள்வி. 1978-ல் அமெரிக்காவில், பல் பிடுங்கிக்கொண்ட நோயாளிகளுக்கு மருந்தே இல்லாத ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு, அபினின் வேலையை முறிக்கக்கூடிய நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்களுக்கு வலி மறுபடியும் ஏறிவிட்டது! வலியைக் குறைத்தது மூளை தானே சுரந்துகொண்ட அபின் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? நம்பிக்கை மூளையைத் தூண்டிற்று. மூளை மருந்து செய்து கொடுத்தது. பேர் மட்டும் சாம்பலுக்குப் போயிற்று. இம்மருந்து வலியைத்தான் மறைக்கும். புண்ணையும் புற்றையும் ஆற்றாது. ஆகவே சாம்பலை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருந்தவன் கதி என்னவாகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பெரிய ஆனந்த வெள்ளம் என்பதும் இப்படியே. ருஷிய தேசத்து தாஸ்தயேவ்ஸ்கி என்ற நாவலாசிரியருக்குக் காக்காய் வலிப்பு உண்டு. வலிப்பு வருவதற்குச் சற்று முன் தோன்றும் அளவிடமுடியாத பேரானந்தத்தை, அவர் 1868-ல் வெளிவரத் தொடங்கிய "இடியட்" என்ற நாவலில் ஒரு பாத்திரத்தின் அனுபவமாக வர்ணித்திருக்கின்றார். 2013-ல் இத்தகைய ஆனந்த வலிப்புள்ள ஒரு பெண்ணுக்கு, மூளையில் இன்சுலா என்ற பாகத்தின் முன்பக்கத்தில் டாக்டர்கள் மின்சாரத்தைச் செலுத்தினபோது, வலிப்புக்கு முன் வருவது போன்ற அந்த இன்ப உணர்ச்சி உண்டாயிற்று. 2004-ல் அமெரிக்காவில், வாழ்நாளில் 10,000 மணிக்கு மேல் தியானம் பழகிய பௌத்த பிக்ஷுக்களைச் சோதித்தபோது, அவர்கள் மூளையில் ஒருவித வேகமான மின் அலைகள் பழகாதவர்களைவிட மிகப் பலமாயிருக்கக் கண்டார்கள். தியானத்தால் அமைதி வருகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. பழகப் பழகக் கை தறிக்குப் பண்படுவதுபோல, மூளையும் பண்படலாம். இதில் ஆத்மாவுக்கு என்ன வேலை? இடையில் தட்சணைக்குத்தான் என்ன வேலை?

"மனமே காரணம்" என்பவர்களுக்கு

இனி, இதைக் கேட்டுவிட்டு வேறொரு கூட்டத்தார் கிளம்புவார்கள். "இன்பம் மூளையில்தானே இருக்கின்றது? அப்படியானால் ஏழை தன் மனதைத் திருத்திக்கொண்டு, இருப்பதைக் கொண்டு திருப்தியாயிருக்க வேண்டியதுதானே? கூலி உயர்வு எதற்கு? சமத்துவம் எதற்கு?" என்று உபதேசம் செய்வார்கள். இவர்களுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

மூளை அந்தரத்தில் தொங்குவதல்ல. உடல் எடையில் சுமார் 2 சதவிகிதமே உள்ள அது, நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவிகிதத்தைத் தின்கின்றது. 1944-45-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில், ஆன்சல் கீஸ் என்பவர் 36 வாலிபர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்கள் திடகாத்திரமானவர்கள், யுத்தத்தில் ஆளைக் கொல்ல மாட்டோம் என்று மறுத்த கொள்கைக்காரர்கள், தாங்களாகவே சோதனைக்கு முன்வந்தவர்கள். அப்படிப்பட்டவர்களே எடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்து, சிரிப்பு மறந்து, சிடுசிடுப்பும் சோர்வும் பிடித்து, இரவும் பகலும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு, சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டு கிடந்தார்கள். கொள்கையோடு பட்டினி கிடந்த வாலிபனுக்கே 24 வாரத்தில் இந்தக் கதியானால், தலைமுறை தலைமுறையாய் அரை வயிற்றோடு இருப்பவனைப் பார்த்து மனதை அடக்கு என்று சொல்ல எவனுக்கு யோக்கியதை உண்டு?

சோறு மாத்திரம் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. ஒருவரைப் படுக்கவைத்து, மூளையைப் படம் எடுத்துக்கொண்டே, திரையில் மூவர் பந்து போட்டுப் பிடிக்கும் விளையாட்டை விளையாட வைத்தார்கள். சற்று நேரம் கழித்து மற்ற இருவரும் இவருக்குப் பந்தைப் போடாமல் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும்படி செய்தார்கள். அப்போது, உடல் வலியில் வேலை செய்யும் பாகங்களில் ஒன்று அவர் மூளையிலும் வேலை செய்தது. இதை எவ்வளவு தூரம் வலி என்று சொல்லலாம் என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கின்றது. ஆனால் முகம் தெரியாத இருவர் ஒரு பந்தைப் போடாததற்கே மூளையில் இந்தக் கலக்கம் என்றால், கிணற்றில் தண்ணீர் எடுக்காதே, தெருவில் நடக்காதே, தனிக் குவளையில் குடி என்று பிறந்தது முதல் ஒதுக்கப்பட்டவன் மூளையில் நடந்தது என்னவாயிருக்கும்? அவனைப் பார்த்து, இன்பம் உனக்குள்ளேயே இருக்கின்றது என்று சொல்வது கேலியல்லவா?

கடைசியாக நல்ல சங்கதி ஒன்றையும் சொல்லி முடிக்கின்றோம். 2006-ல் ஜோர்ஜே மோல் முதலியவர்கள், பணம் கையில் வரும்போதும், ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் கொடுக்க முடிவு செய்யும்போதும் மனிதனுடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். வாங்கும்போது வேலை செய்த அதே பாகங்கள் கொடுக்கும்போதும் வேலை செய்தன. அதோடு, மனிதரோடு மனிதர் ஒட்டி வாழும் உணர்ச்சிக்குச் சம்பந்தப்பட்டதாகக் கருதப்படும் ஒரு பாகமும் கொடுக்கும்போது அதிகமாய் வேலை செய்தது. பிறருக்கு உதவினால் புண்ணியம் சேரும், அடுத்த ஜென்மத்தில் கிடைக்கும் என்று சொல்லுகின்றார்களே, அவ்வளவு தூரம் போவானேன்? கொடுத்தவனுக்கு அந்த நிமிஷத்திலேயே, அவன் தலைக்குள்ளேயே, கூலி கிடைத்துவிடுகின்றது.

ஆகவே தோழர்களே! இன்பத்தில் சிற்றின்பமும் இல்லை, பேரின்பமும் இல்லை. உங்களை ஏங்க மாத்திரம் வைப்பது ஒன்று. உங்களுக்கு மெய்யாகவே கிடைப்பது மற்றொன்று. இனிமேல் எவனாவது இன்பம் தருகின்றேன் என்று உங்கள் முன் வந்தால், அவன் கடைக்காரனானாலும், சூதாட்டக்காரனானாலும், சாமியாரானாலும், ஓட்டுக் கேட்கிறவனானாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அப்பா! நீ கொண்டு வந்திருப்பது பழரசமா, வெறும் விளக்கா?" என்று கேளுங்கள். விளக்கு என்றால் உங்கள் காசைப் பத்திரமாக மடியிலேயே வைத்துக்கொண்டு, வந்தவனை வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.